மாற்று வேட்பாளரின் முதல் கேள்வி

போன மாதம் புதிய சட்டமன்றம் கூடி உறுப்பினர்கள் பதவியேற்றதைச் சரவணம்பட்டியில் என் மகன் வீட்டுச் சமையலறையில் கைப்பேசியைச் சாய்த்து வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். கையில் சின்ன வெங்காயம். ஒவ்வொருவராக எழுந்து வந்து உறுதிமொழியை வாசித்தார்கள். முதல்முறை வென்று வந்திருந்த ஒரு பெண், பாதியில் ஒரு சொல்லில் தடுக்கி நின்று, எச்சில் விழுங்கி, அந்தச் சொல்லை மறுபடி பிடித்தார். என்ன சொல் என்கிறீர்களா? 'முழுமுதலாண்மை.' அவர் அதை முடிப்பதற்குள் நான் இங்கிருந்தே முழு வாக்கியத்தையும் சொல்லி முடித்துவிட்டேன்.

மருமகள் திரும்பிப் பார்த்தாள். "ஏனுங்கத்தை, நீங்க எப்பங்க எம்.எல்.ஏ. ஆனீங்க?"

நான் எங்கே ஆனேன். எங்கள் அடுக்ககச் சங்கத்தில் துணைச் செயலாளராகத் தேர்ந்தெடுக்கப்பட்டு, தண்ணீர்த் தொட்டி பற்றிய முதல் கூட்டத்திலேயே ராஜினாமா செய்தவள் நான். ஆனாலும் அந்த உறுதிமொழி எனக்கு மனப்பாடம். வெங்காயக் காட்டம் கண்ணில் ஏறினால் மற்றவர்களுக்குக் கண்ணீர் வரும். எனக்கு இந்திய அரசியலமைப்பு ஞாபகத்துக்கு வரும். எல்லாம் தெய்வானையக்காவால் வந்தது.

அப்போது நான் தொண்டாமுத்தூர் போகும் சாலையில் ஒரு தட்டச்சுப் பயிலகம் நடத்திக்கொண்டிருந்தேன். நான்கு ஆங்கில இயந்திரங்கள், இரண்டு தமிழ் இயந்திரங்கள். தமிழ் இயந்திரம் ஒன்றில் 'ழ' பாதிதான் விழும். மீதியைப் பேனாவால் சரிசெய்வோம். கார்பன் தாளின் நீல வாசனை என் சேலையை விட்டுப் போகவே போகாது; மில்லில் ஷிப்ட் முடிந்து வரும் என் வீட்டுக்காரர்மேல் பஞ்சு வாசனை, என்மேல் கார்பன் வாசனை. பயிலகத்துக்குப் பக்கத்துக் கட்டடத்தில்தான் காண்ட்ராக்டர் கதிர்வேலின் அலுவலகம் இருந்தது. சாலை, பள்ளிக்கூடக் கட்டடம், சிறுபாலம் என்று அரசாங்க வேலைகளை எடுத்துச் செய்பவர். சட்டைப் பையில் இரண்டு பேனா, தோளில் கட்சித் துண்டு. எந்தக் கட்சி என்று கேட்காதீர்கள். எந்தத் துண்டைப் போட்டாலும் இந்தக் கதை இப்படித்தான் நடந்திருக்கும்.

வெகுகாலம் காத்திருந்து, அந்தத் தேர்தலில் அவருக்கு மலையடிவாரத்தில் இருந்த எங்கள் தொகுதி கிடைத்தது. வேட்புமனு வேலையெல்லாம் என் பயிலகத்தில்தான். கட்சி வேட்பாளரின் மனு ஏதாவது காரணத்தால் தள்ளுபடியானால் அந்த இடத்தில் நிற்பதற்கென்று இன்னொருவரையும் மனு போடச் சொல்வார்கள். மாற்று வேட்பாளர் என்று பெயர். பெரும்பாலும் வேட்பாளரின் மனைவியாகவோ தம்பியாகவோ இருப்பார். மனுக்களைச் சரிபார்த்து முடித்ததும் அவர் வேலை முடிந்துவிடும். கதிர்வேல் தம்பியை நம்புகிறவர் இல்லை. "மாத்து வேட்பாளருக்கு எங்கூட்டுக்காரி பேரையே போட்டுருங் அம்மணி. சும்மா சம்பிரதாயத்துக்குத்தான்" என்றார்.

மனைவி தெய்வானை கையெழுத்துப் போட வந்தபோதுதான் நான் அவரை முதன்முதலில் அருகில் பார்த்தேன். நாற்பது வயதைத் தொடுகிற ஆள். தோட்டம் துரவு எல்லாம் அவர் பொறுப்பு, தென்னையும் வெங்காயமும். கைவிரல் இடுக்கில் தோட்டத்து மண் அப்படியே இருந்தது. எங்கெங்கே கையெழுத்து வேண்டுமோ அங்கெல்லாம் பென்சிலால் புள்ளி வைத்துத் தரச் சொன்னார். வெங்காயம் எடுக்க ஆள் வந்துவிட்டதாம், அவசரமாம். பதினைந்து புள்ளிகள் இருக்கும். ஒன்றுவிடாமல் போட்டுவிட்டுப் போனார். என்ன படிவம் என்றுகூடக் கேட்கவில்லை.

மனுப் பரிசீலனை அன்று எதிர்க்கட்சியின் வக்கீல் ஒரு தாளை எடுத்து நீட்டினார். அரசாங்கத்தோடு செய்துகொண்ட ஒப்பந்தம் நடப்பில் இருக்கிற ஒருவர் தேர்தலில் நிற்க முடியாது என்பது சட்டம். கதிர்வேலுக்கு அப்படி ஒன்று நடப்பில் இருந்தது. எங்கள் ஊருக்கு மேற்கே ஒரு பள்ளம் ஓடுகிறது. மலையில் மழை பெய்தால் திடீரென்று பொங்கி வரும் ஓடையை நாங்கள் பள்ளம் என்போம். அதன் குறுக்கே அவர் பாலம் எடுத்திருந்தார். தூண்கள் எழும்பின. அதோடு நின்றது. பொறியாளரோடு தகராறு, ஜல்லி வரவில்லை, அப்புறம் தேர்தல் வேலை. ஒப்பந்தம் முடியவும் இல்லை, ரத்தாகவும் இல்லை. அவருக்கே அந்தப் பாலம் மறந்துபோயிருந்தது. அவரைச் சொல்வானேன், அந்த மொட்டைத் தூண்களைப் பார்த்துக்கொண்டே மாதம் இருமுறை என் அம்மா ஊருக்குப் போய்வந்தவள்தான் நானும். அவர் மனுவை மூன்று பிரதி தட்டச்சு செய்தபோது எனக்கும் ஞாபகம் வரவில்லை.

கதிர்வேலின் மனு தள்ளுபடியானது. தெய்வானையின் மனு செல்லும் என்றார் தேர்தல் அலுவலர். சின்னமும் அவருக்கே போனது. செய்தியோடு கட்சிக்காரர்கள் ஜீப்பில் தோட்டத்துக்குப் போனபோது அவர் மடை மாற்றிக்கொண்டிருந்தாராம். "சித்தே நில்லுங்க, இந்த ஒரு பாத்தி பாஞ்சரட்டும்" என்றாராம்.

பிரசாரத்தில் பேசியதெல்லாம் கதிர்வேல்தான். ஜீப்பின் முன்னால் நின்று அவர் ஒலிபெருக்கியில் முழங்க, பக்கத்தில் அக்கா கைகூப்பி நிற்பார். ஒரே நாளில் இத்தனை முறை கைகூப்பினால் தோள்பட்டை என்ன ஆகும் என்று எனக்குக் கவலை. "எனக்குப் போடுங்க, அதாவது எங்கூட்டுக்காரிக்குப் போடுங்க" என்று ஒவ்வொரு ஊரிலும் கதிர்வேல் திருத்திக்கொள்வார். அலை அந்தப் பக்கம் அடித்த தேர்தல். அக்கா ஜெயித்தார். மாலை முதலில் விழுந்தது கதிர்வேல் கழுத்தில்.

சென்னைக்கு அக்காவோடு ஒரு பெண் துணை வேண்டும், அவளுக்குத் தமிழ்த் தட்டச்சும் தெரிய வேண்டும் என்று தேடியபோது கதிர்வேலுக்கு நான்தான் அகப்பட்டேன். பயிலகத்தை என் நாத்தனாரிடம் விட்டுவிட்டு, எம்.எல்.ஏ.வின் உதவியாளர் ஆனேன். முதல் வேலை, உறுதிமொழிப் பயிற்சி. அக்கா எட்டாவது வரை படித்தவர். தாளைப் பார்த்து எழுத்துக்கூட்டுகிற ஆள் இல்லை, நன்றாகவே வாசிப்பார். ஆனால் அந்த முழுமுதலாண்மை வந்ததும் வண்டி குடை சாய்ந்துவிடும். 'முலுமுதல்' என்பார், 'முழுமுதலாளி' என்பார். கதிர்வேல் பொறுமையிழந்து, "இதென்ன பெரிய வித்தையா" என்று தாளைப் பிடுங்கித் தானே வாசித்துக் காட்டினார். அவர் அந்த இடத்தில் இருமல் வந்ததுபோல நடித்துத் தாண்டிப் போனதை நானும் அக்காவும் கவனித்தோம். ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளவில்லை. அக்கா வெங்காயம் நறுக்க நறுக்க நான் எதிரில் தாளைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது அப்போதுதான்.

பதவியேற்பு அன்று கதிர்வேல் புது வேட்டி, புதுச் சட்டை, வாசனைத் தைலம் எல்லாவற்றோடும் கோட்டையின் வாசலுக்கு வந்தார். காவலர் அக்காவின் அடையாள அட்டையைப் பார்த்து உள்ளே விட்டார். பின்னாலேயே நுழைந்த கதிர்வேலைக் கையால் மறித்து, "சார் மெம்பரா?" என்று கேட்டார். "மெம்பரோட ஹஸ்பெண்ட்" என்றார் கதிர்வேல். அந்தக் காவலர் நல்ல மனிதர், கோபப்படவில்லை. "அப்போ மரத்தடியில உக்காருங்க சார். மெம்பரோட ஆளுங்க எல்லாரும் அங்கதான்."

மரத்தடியில் உண்மையிலேயே ஒரு கூட்டம் இருந்தது. மைத்துனர்கள், ஓட்டுநர்கள், ஒன்றியச் செயலாளர்கள், என்னைப் போன்ற உதவியாளர்கள். உள்ளே அவை கூடினால் இங்கேயும் கூடும். உள்ளே சபாநாயகரைத் தேர்ந்தெடுத்த அன்று இங்கே கதிர்வேல் ஏறக்குறைய போட்டியின்றித் தலைமைக்கு வந்துவிட்டார். யாருக்கு எந்தத் துறை கிடைக்கும், எந்த அமைச்சர் எத்தனை நாள் தாங்குவார் என்பதெல்லாம் மரத்தடியில் முடிவாகி ஒரு வாரம் கழித்துத்தான் உள்ளே தெரியவரும். பாதிக்குமேல் தப்பாக இருக்கும். அதற்காக யாரும் வருத்தப்பட்டதில்லை.

அக்கா அன்று முழுமுதலாண்மையை ஒரு பிசகும் இல்லாமல் சொன்னார். பார்வையாளர் மாடத்தில் இருந்த எனக்குத்தான் வேர்த்துக் கொட்டியது. அதன்பின் ஆளுநர் உரை, அதன்மேல் நன்றித் தீர்மானம் என்று சபை நடந்தது. ஆளுங்கட்சி வரிசையில் கடைசிப் பெஞ்சு அக்காவுக்கு. பக்கத்தில் இருப்பவர்கள் மேசையைத் தட்டும்போது இவரும் தட்டுவார். எதற்குத் தட்டினீர்கள் என்று ஒருநாள் கேட்டேன். "எல்லாருந் தட்டுனாங்க, நானுந் தட்டிப்போட்டேன். எதுக்குன்னு நாளைக்குப் பேப்பர்ல வருமில்லீங்" என்றார். மறுநாள் பேப்பரை வாங்கி உண்மையிலேயே தேடிப் பார்த்தார்.

உறுப்பினர் விடுதி அறையில் அவர் கொண்டுவந்த முதல் மாற்றம் அரிசியும் பருப்பும் சாதம். ஒரு சின்ன அடுப்பு, ஊரிலிருந்து வந்த நெய். மதிய இடைவேளையில் அந்த வாசனை நடைக்கு வந்ததும் கதவுகள் திறக்கும். சபைக்குள் ஒருவரையொருவர் கை நீட்டிக் கத்திய இரு கட்சி உறுப்பினர்கள் எங்கள் அறையில் ஒரே வாழையிலையைப் பாதியாகக் கிழித்துச் சாப்பிட்டதை நான் கண்ணால் கண்டிருக்கிறேன். அக்கா அங்கே பரிமாறிக்கொண்டே கேட்டுக் கேட்டுத்தான் சட்டமன்றத்தைப் படித்தார். நட்சத்திரக் குறியிட்ட கேள்வி என்றால் அமைச்சர் எழுந்து வாயால் பதில் சொல்ல வேண்டும். அதன்மேல் துணைக் கேள்வியும் கேட்கலாம். நட்சத்திரம் இல்லாவிட்டால் காகிதத்தில்தான் பதில் வரும். கேள்வி கொடுத்தவர் தன் முறை வரும்போது எழுந்து எண்ணைச் சொல்லாவிட்டால் கேள்வியே போய்விடும். இதெல்லாம் ரசம் ஊற்றுகிற நேரத்தில் அவர் தெரிந்துகொண்டது. நான் குறிப்பேட்டில் எழுதி வைத்தேன். அவருக்குக் குறிப்பேடு தேவைப்படவில்லை.

கூட்டத்தொடர் முடிந்து ஊருக்கு வந்தோம். ஊரில் எம்.எல்.ஏ. கதிர்வேல்தான். காலையில் மனுவோடு வருகிறவர்கள் அவரிடம்தான் கொடுப்பார்கள். கடிதத்தாளில் மேலே தெய்வானை, சட்டமன்ற உறுப்பினர் என்று அச்சடித்து, அதே எழுத்தளவில் கீழே அவர் பெயரையும் போட்டுக்கொண்டார். நான் தட்டச்சு செய்து வைப்பேன், அக்கா கையெழுத்துப் போடுவார். பென்சில் புள்ளி வைக்கும் பழக்கம் எனக்கு இன்னும் விடவில்லை என்பதை இங்கே ஒப்புக்கொள்கிறேன்.

ஒருநாள் கதிர்வேல் அந்தியூர்ச் சந்தைக்குப் போயிருந்தார். குதிரை பார்க்க. வாங்குவதற்கு இல்லை, பார்க்க மட்டும், எம்.எல்.ஏ. குடும்பம் என்றால் ஒரு குதிரை இருந்தால் நன்றாக இருக்கும் என்று அவருக்கு யாரோ சொல்லியிருந்தார்கள். அன்று பள்ளத்துக்கு அந்தப் பக்கத்து ஊரிலிருந்து ராமாத்தாள் என்ற பெண் வந்தார். கூலிக்குக் களையெடுப்பவர். மனு எழுதிக் கொண்டுவரவில்லை, வாயால்தான் சொன்னார். அவர்கள் ஊரில் எட்டாவது வரைதான் பள்ளிக்கூடம். ஒன்பதாவதுக்குப் பள்ளத்தைத் தாண்டி இந்தப் பக்கம் வர வேண்டும். பையன்கள் கால்சட்டையோடு இறங்கி வந்துவிடுகிறார்கள். பெண்பிள்ளைகள் பாவாடையை இடுப்புவரை தூக்கிச் செருகிக்கொண்டு தண்ணீரில் இறங்க வேண்டியிருக்கிறது. கரையில் ஆட்கள் நின்று பார்க்கிறார்கள். வயதுக்கு வந்த பிள்ளைகளை யார் அனுப்புவார்கள்? அந்த வருடம் மட்டும் ஐந்து பிள்ளைகள் நின்றுவிட்டார்கள். ஐந்தாவது பிள்ளை ராமாத்தாளின் மகள்.

"பாலத்தக் கட்டிக் குடுத்தாப் போதுமுங்க. யாரு கட்டறாங்கன்னு எங்களுக்குத் தெரியாதுங்க" என்றார் ராமாத்தாள். யார் கட்டுகிறார்கள் என்று ஊருக்கே தெரியும், அவருக்கும் தெரியும். அந்த 'தெரியாதுங்க' எங்கள் ஊர் மரியாதை.

அக்கா அவருக்குக் காபி கொடுத்து அனுப்பினார். தான் எட்டாவதோடு நின்றது ஏன் என்று அன்றுதான் என்னிடம் சொன்னார். இதே பள்ளம். அன்றைக்குத் தூண்கூடக் கிடையாது. அவர் பிறந்த ஊரும் அந்தக் கரைதான்.

அன்றைக்குச் சாயங்காலமே கதிர்வேலிடம் பாலத்தைப் பற்றிக் கேட்டிருக்கிறார். ஆகட்டும் என்றார் அவர். அடுத்த வாரமும் கேட்டார். மழை முடியட்டும் என்றார். மூன்றாவது முறை, இதெல்லாம் உனக்கெதற்கு என்றார். மறுநாள் அக்கா பயிலகத்துக்கே வந்து, இயந்திரத்தின் எதிரில் உட்கார்ந்து, "ஒரு கேள்வி அடிங் அம்மணி. நட்சத்திரம் போட்டது" என்றார்.

எனக்குக் கை ஓடவில்லை. வேண்டாங்க்கா என்றேன். காண்ட்ராக்டர் என்ன நினைப்பார் என்றேன். உண்மையில் என் பயமெல்லாம் என் வேலை போய்விடும் என்பதுதான். அதை வெளியில் சொல்லாமல், கட்சி என்ன நினைக்கும் என்று பெரிய மனுஷி மாதிரி பேசினேன். அக்கா காத்திருந்தார். கடைசியில் அடித்தேன். இன்ன ஊரில் பாலப் பணி எப்பொழுது தொடங்கப்பட்டது. நிறைவு பெறாததன் காரணம் யாது. எப்பொழுது நிறைவு பெறும் என்று மாண்புமிகு அமைச்சர் கூறுவாரா. பதற்றத்தில் 'ழ' பாதி விழும் இயந்திரத்தில் அடித்துவிட்டேன். 'எப்பொழுது' என்று இருந்த இடத்தையெல்லாம் அக்காவே பேனாவால் திருத்திவிட்டு, புள்ளி இல்லாத இடத்தில் தானாகக் கையெழுத்துப் போட்டார்.

அடுத்த கூட்டத்தொடரில் கேள்வி ஏற்கப்பட்டு, உறுப்பினர்களுக்கு முன்கூட்டியே கொடுக்கும் அச்சிட்ட பட்டியலில் வந்துவிட்டது. கேள்வி வரும் நாளுக்கு முந்தின நாள் மதியம் மரத்தடியில் யாரோ ஒரு மைத்துனர் அதைச் சத்தமாக வாசித்திருக்கிறார். கதிர்வேல் நேராக விடுதி அறைக்கு வந்தார். நான் வெளியே போகட்டுமா என்று எழுந்தேன். இருக்கச் சொன்னார் அக்கா.

கதிர்வேல் கத்துவார் என்று எதிர்பார்த்தேன். கத்தவில்லை. கட்டிலில் உட்கார்ந்து கெஞ்சுகிற குரலில் பேசினார். கேள்வியைத் திரும்பப் பெற நேரம் இல்லை என்பது அவருக்கும் தெரியும். எழுந்து எண்ணைச் சொல்லாமல் விட்டால் போதும், தலைவலி என்று அறையில் படுத்துக்கொண்டால் போதும் என்றார். இருபது வருடமாகக் கட்சியில் சேர்த்துவைத்த பேர் போய்விடும் என்றார். அது பொய் இல்லை. அந்த நேரத்தில் எனக்கு அவர்மேல் இரக்கமாகவே இருந்தது.

அக்கா அடுப்பை அணைத்துவிட்டு வந்து, "அஞ்சு புள்ளைங்க நின்னுருச்சுங்க. உங்க பேரு அதுக்கு முன்னாலயா, பின்னாலயா, நீங்களே சொல்லுங்க" என்றார்.

தட்டில் போட்ட சாதத்தைக் கதிர்வேல் தொடவில்லை. அவர் சாப்பிடாமல் எழுந்தது அன்று ஒருநாள்தான்.

மறுநாள் பார்வையாளர் மாடத்தில் அனுமதிச் சீட்டோடு வந்து என் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்தார். தான் மேலே இருந்தால் அக்கா எழுந்திருக்க மாட்டார் என்று நினைத்திருப்பார். சபாநாயகர் அக்காவின் பெயரையும் தொகுதியையும் சொல்லி அழைத்தார். கடைசிப் பெஞ்சில் அக்கா எழுந்தார். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு கேள்வி எண்ணைச் சொன்னார். அமைச்சர் எழுந்து காகிதத்தைப் பார்த்து வாசித்தார். பணி தொடங்கப்பட்டது, ஒப்பந்ததாரரின் தாமதத்தால் தேங்கியுள்ளது, அறிவிப்புகள் அனுப்பப்பட்டுள்ளன, விரைவில் நடவடிக்கை எடுக்கப்படும். வழக்கமான பதில்தான். இதோடு உட்கார்ந்துவிடுவார் என்று நான் மூச்சை விட்டேன்.

அக்கா உட்காரவில்லை. துணைக் கேள்வி கேட்டார். அந்த ஒப்பந்ததாரர் யாரென்று அமைச்சர் சொல்ல முடியுமா என்று.

அமைச்சர் அதிகாரிகள் பக்கம் பார்த்தார். ஒரு சீட்டு வந்தது. அவரும் யோசிக்காமல் பெயரை வாசித்துவிட்டார். எதிர்வரிசையில் எங்கள் மாவட்டத்துக்காரர் ஒருவர், எங்கள் அறையில் இலையைக் கிழித்தவர்தான், உடனே எழுந்தார். அந்த ஒப்பந்ததாரர் மாண்புமிகு உறுப்பினரின் கணவர்தானே என்று கேட்டார். சபையில் சலசலப்பு. அது தேவையில்லை, உட்காருங்கள் என்றார் சபாநாயகர். ஆனால் அக்கா நின்றுகொண்டேயிருந்தார்.

"ஆமாங்க, அவரு எங்கூட்டுக்காரருதானுங்க. ஊட்டுல மூணு தடவை கேட்டேன், பதில் வரலீங்க. அதனாலதானுங்க இங்க வந்து கேக்கறேன்."

சபையே சிரித்தது. இரண்டு பக்கமும் மேசையைத் தட்டினார்கள். சபாநாயகரே வாயை மூடிக்கொண்டு சிரித்தார். அக்கா மட்டும் சிரிக்கவில்லை. ஒரு தேதி வேண்டுமென்றார். அமைச்சர் வேறு வழியில்லாமல் ஆறு மாதம் என்று வாக்குக் கொடுத்தார்.

மாடத்தில் அசையக்கூடாது, பேசக்கூடாது என்று காவலர் முதலிலேயே சொல்லியிருந்தார். கதிர்வேல் அசையவில்லை. காது மட்டும் சிவந்துகொண்டே போனது. நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எழுந்து போகும்போது, மரத்தடிப் பக்கம் போகாமல் சுற்றி வேறு வாசல் வழியாகப் போனார்.

ஊருக்குத் திரும்பிய பகல் ரயிலில் மூவரும் ஒரே வரிசையில் உட்கார்ந்திருந்தோம். நடுவில் நான். ஜோலார்பேட்டை, சேலம், ஈரோடு எல்லாம் போனது, பேச்சில்லை. திருப்பூர் தாண்டியதும் கதிர்வேல் ஜன்னலைப் பார்த்தபடி, "மூணு தடவை இல்ல, ரெண்டு தடவைதான் கேட்ட" என்றார். அக்கா, "மூணுங்க. மூணாவது தடவ நீங்க பேப்பர் படிச்சுட்டிருந்தீங்க" என்றார். அதன்பிறகு இருவரும் அதைப்பற்றியே கோயம்புத்தூர் வரும்வரை வாதாடினார்கள். எனக்கு அப்போதுதான் உயிர் வந்தது.

பாலத்தைக் கதிர்வேலே முடித்தார். குடை பிடித்துக்கொண்டு தினமும் பள்ளத்துக் கரையில் நின்றார். அவ்வளவு கவனமாக அவர் கட்டியது வேறெதுவும் இல்லை என்பார்கள். ஆறு மாதம் ஏழு மாதம் ஆனது. நின்றுபோன ஐந்து பிள்ளைகளில் மூன்று பேர் பள்ளிக்கூடத்துக்குத் திரும்பினார்கள், ராமாத்தாளின் மகளும் சேர்த்து. மற்ற இருவருக்கும் அதற்குள் கல்யாணம் முடிந்திருந்தது. திறப்பு விழாவில் எல்லோரும் அக்காவைப் புகழ்ந்தபோது அவர் என்னிடம் அந்த இரண்டு பிள்ளைகளின் பெயரைத்தான் சொல்லிக்கொண்டிருந்தார். எனக்கு இப்போதும் அந்தப் பெயர்கள் ஞாபகம் இருக்கின்றன. இங்கே எழுத வேண்டாம், பேரன் பேத்தி எடுத்திருப்பார்கள்.

அடுத்த தேர்தலில் கட்சி அக்காவுக்கு இடம் தரவில்லை. ஆளுங்கட்சி வரிசையில் உட்கார்ந்துகொண்டு அமைச்சரிடம் தேதி கேட்பவரை எந்தக் கட்சி மறுபடி அனுப்பும்? கதிர்வேலுக்குக் கொடுத்தார்கள். மாற்று வேட்பாளர் மறுபடியும் அக்காதான். இந்தமுறை எந்த ஒப்பந்தமும் பாக்கியில்லை, மனு சுத்தமாக இருந்தது, ஏற்கப்பட்டுவிட்டது. அதுதான் கதிர்வேலுக்கு வினையாகப் போனது. போகிற ஊரிலெல்லாம் "அம்மா நிக்கலீங்களா?" என்று கேட்டார்கள். தோற்றார். அதன்பிறகு தேர்தல் பக்கமே போகவில்லை. அக்கா தோட்டத்துக்குத் திரும்பினார், நான் பயிலகத்துக்கு. கணினி வந்ததும் பயிலகத்தை மூடினேன். இயந்திரங்களை எடைக்கு எடுத்துப் போனவர் 'ழ' தேய்ந்த அந்த ஒன்றையும் எடுத்துக்கொண்டார்.

அக்கா இறந்து இரண்டு வருடமாகிறது. நான் போனபோது வாசலில் கூட்டம் இருந்தது, ராமாத்தாளின் மகள் வந்திருந்தாள், ஆசிரியையாக இருக்கிறாள். ஆனால் எம்.எல்.ஏ. என்று யாரும் வரவில்லை. இடையில் தொகுதிகளை மறுசீரமைத்தபோது எங்கள் தொகுதியைக் கலைத்து, ஊர்களை மூன்று தொகுதிகளுக்குப் பிரித்துக் கொடுத்துவிட்டார்கள். அக்காவின் தோட்டம் ஒன்றில், வீடு ஒன்றில், அவர் பிறந்த ஊர் இன்னொன்றில். மூன்று எம்.எல்.ஏ.க்களும், அவர் மற்றவர் தொகுதிக்காரர் என்று நினைத்திருப்பார்கள். கோபப்பட ஒன்றுமில்லை. அவர்கள் உதவியாளர்களிடம் கைப்பேசி இருக்கிறது, எங்கள் குறிப்பேடு இல்லை.

சில வாரம் கழித்துச் சட்டமன்றத்தில் மறைந்த முன்னாள் உறுப்பினர்களுக்கு இரங்கல் தெரிவித்ததைக் கைப்பேசியில் பார்த்தேன். அன்று கதிர்வேல் என்னைத் தொலைபேசியில் கூப்பிட்டார். எண்பதைத் தாண்டியவர், காது சரியாகக் கேட்பதில்லை.

"சபையில எல்லாரும் எந்திருச்சு நின்னாங்களா அம்மணி?"

"நின்னாங்க."

"மந்திரிமாருமா?"

"எல்லாருந்தானுங்க."

அதோடு வைத்துவிட்டார். நான் அவரிடம் சொல்லாமல் விட்டது ஒன்று உண்டு. சபாநாயகர் அக்காவின் பெயரோடு எங்கள் தொகுதியின் பெயரை வாசித்தபோது, இளம் உறுப்பினர்கள் சிலர் அது எங்கே இருக்கிறது என்பதுபோல ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். சபையில் நான் அந்தப் பெயரைக் கடைசியாகக் கேட்டது அப்போதுதான். அந்தப் பெயரைச் சொல்லி அழைத்தால் எழுந்து நிற்க இனி அங்கே யாரும் இல்லை.